துன்புற்றார்க்கு வினையுரைத்தல் தகுமா?

பிறந்த உயிர்க்கு மாறுதல் இயல்பு. குழந்தை பள்ளிப்பிள்ளையாகின்றது, பள்ளிப்பிள்ளை தொழிலாளியாகின்றான், மகள் மனைவியாகி வேற்றூர் செல்கின்றாள், மனைவி கைம்பெண்ணாகின்றாள், உழைத்த கை முதுமையினாலே ஓய்கின்றது. இம்மாறுதல்களுட் சில மெல்ல வருவன. சில ஒரு நாழிகையிலே வருவன. மெல்ல வருவனவற்றுக்கு மனந் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஒரு நாழிகையிலே வருவனவோ மனத்தை அதன் நிலைக்களத்தினின்றும் பெயர்த்துவிடும். அங்ஙனம் பெயர்ந்த மனத்தோடு ஒருவர் நம்முன் வந்து நிற்கும்போது, சைவர்களாகிய நாம், அவருள்ளும் பிள்ளைகளுக்கு அறிவூட்டுங் கடன் பூண்ட ஆசிரியர்கள், யாது சொல்லல் வேண்டும், யாது சொல்லாதிருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

நம்மவர் நாவிலே எளிதில் வருஞ் சொல் ஒன்றுண்டு. எல்லாம் முன்வினைப் பயன், அழுது ஆவதென்னை என்பதே அது. இழவு வீட்டிலே இது சொல்லப்படுகின்றது. நோயாளியின் பாயருகே சொல்லப்படுகின்றது. தாயை இழந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டுஞ் சொல்லப்படுகின்றது. வினையென்பது உண்மையா என்பது ஒரு வினா. உண்மையேயாயினும், அவ்விடத்திலே, அவரிடத்திலே, நம் வாயினாலே அதனைச் சொல்லல் தகுமா என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே நன்மக்களும் தம்மையறியாமற் கொடியவராகின்றனர்.

ஊவாவிலே வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2014 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29 ஆந் தேதி காலையிலே, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து, லயன்களையும் அவற்றுள் இருந்தாரையும் மூடிற்று. அப்பொழுது பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்தனர். காலையிலே விடைபெற்றுச் சென்ற வீட்டை அவர்கள் திரும்பவுங் கண்டிலர். பெற்றோரை இழந்தாரும் அவருள் உளர். கொஸ்லாந்தையிலும் பூணாகலையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளே தப்பியவர்களுக்கு முதற் புகலிடமாயின. அதன்பின் 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே, திட்வா எனப் பெயரிடப்பட்ட புயலினால் இலங்கை முழுவதிலும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தபோது, பதுளை மாவட்டம் மிகுந்த இழப்புற்ற மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. மழையிரைச்சல் கேட்ட மாத்திரத்தே எழுத்தை நிறுத்திவிட்டுச் சாளரத்தை நோக்கும் பிள்ளை நம் வகுப்பிலே இருத்தல் கூடும். அப்பிள்ளை, என் அம்மா யாது பாவஞ் செய்தாள் என்று கேட்குமாயின், ஆசிரியர் யாது விடை கூறுவார்?

முதற்கண் நமது சித்தாந்தத்தை உள்ளவாறு உணர்தல் வேண்டும். ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்றனுள், கன்மம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும் என்பதை நாம் அனைவருங் கற்றிருக்கின்றோம். குவிந்து கிடப்பது சஞ்சிதம்; நுகர வந்தது பிராரத்தம்; நுகருங்கால் ஏறுவது ஆகாமியம். இக்கொள்கை எதன்பொருட்டு உபதேசிக்கப்பட்டது? தான் செய்ததற்குத் தானே பொறுப்பாளி என ஒவ்வோருயிரும் உணர்ந்து, தீமையஞ்சி நன்மை செய்தற்பொருட்டும், தனக்கு வந்ததைப் பிறர்மேற் பழி சுமத்தாது பொறுத்தற்பொருட்டுமே உபதேசிக்கப்பட்டது. எனவே இது தன்னை நோக்கித் தான் பிடிக்கவேண்டிய கண்ணாடி. பிறர் முகத்துக்கு நேரே நீட்டுந் தீவட்டியன்று. பிறனொருவன் துன்புறக் காணும்போது, அவன் வினை அவனுடையது என்பது மெய்யாயின், அதனைக் கண்டு நின்ற நான் செய்வதும் செய்யாதொழிவதும் என்னுடைய ஆகாமியம் என்பதும் அவ்வளவு மெய்யே. அவனது வினையை எண்ணும் நாம் நமது வினையை மறந்துவிடுகின்றோம்.

பிறர்க்கு வினையுரைத்தல் தகாது என்பதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, அதனை நாம் அறியோம். எவ்வுயிர்க்கு எவ்வினை எப்பொழுது எவ்வாறு பயன் தரும் என்பதை அறிந்து கூட்டுவிப்பவர் சிவபெருமான் ஒருவரே என்பது நமது துணிபு. உயிர்தானும் தன் வினையைத் தானே அறிந்து நுகரமாட்டாது என்று கூறும் நாம், அடுத்த வீட்டுக்காரியின் வினையை அறிந்தவர்போலத் தீர்ப்புரைப்பது, இறைவனுக்குரிய தொழிலை நாம் மேற்கொள்வதாக முடியும். அஃது ஆணவமன்றிப் பிறிதென்னை?

இரண்டாவது, கேட்பவர் உள்ளத்திலே அச்சொல் வேறுபொருளாகின்றது. துயருற்றவர் ஏற்கெனவே தம்மைத் தாமே குற்றஞ் சாட்டிக்கொண்டிருப்பவர். அன்றைக்கு யான் அவளைக் கொழுந்தெடுக்கப் போகவிடாதிருந்தால், யான் சற்று முன்னே எழுந்திருந்தால் என்று இரவெல்லாம் எண்ணுபவர். பிள்ளைகளோ இன்னும் மெல்லியர். தந்தை குடித்து வீட்டை அடித்து நொறுக்கினாலும், தாய் வீட்டுப்பணிக்கு வெளிநாடு சென்றாலும், அது தன் குற்றத்தினாலேயே நிகழ்ந்தது என்று சிறுபிள்ளை நினைப்பதுண்டு. அந்நினைவின்மேல் வினை என்னும் பெருஞ்சொல்லையும் வைத்தால், பிள்ளை அதனைத் தாங்குமா?

மூன்றாவது, அச்சொல் மனிதர் தவற்றை மறைக்கின்றது. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தனர். போவதற்கு வேறிடம் அவர்களுக்கு அமையவில்லை. இதனை இறந்தாரின் முற்பிறப்போடு முடித்துவிடின், இப்பிறப்பிலே செய்யவேண்டியதைச் செய்யாதிருந்தவர்கள் யாவரும் நிம்மதியாகத் துயில்வர். அறத்தை நிலைநாட்ட வந்த கொள்கையை அறங்கேடர்க்குத் தலையணையாக்குதல் நன்றன்று.

அற்றேல், துன்பத்துக்குக் காரணங் கூறாது விடின், கேட்பவர் கடவுள் கொடியவர் என்று கருதிச் சமயத்தை விட்டு நீங்காரோ எனின், நீங்கார் என்க. என்னையெனின், துன்புற்றவர் பெரும்பாலும் நம்மிடத்திலே காரணங் கேட்கின்றாரல்லர், துணை கேட்கின்றனர். ஏன் எனக்கு இப்படி வந்தது என்னுஞ் சொல் வினாவின் வடிவிலே இருப்பினும், அஃது ஓர் அழுகையே. அழுகைக்கு விடை வேண்டுவதில்லை. கேட்குஞ் செவி வேண்டும்.

யான் இளமையிலே மிசன் பாடசாலையிலே பயின்றவன். அங்கே வேதபாடமாகக் கேட்ட யோபு என்பானுடைய சரித்திரம் இவ்விடத்திலே நினைவுக்கு வருகின்றது. அவன் மக்களையும் பொருளையும் உடல்நலத்தையும் ஒருங்கே இழந்து சாம்பரிலே உட்கார்ந்திருந்தான். நண்பர் மூவர் வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் வாய்திறவாது அவனோடு நிலத்திலே இருந்தனர். அதுவரையும் அவர் செய்தது நன்றே. அதன்பின் வாய்திறந்து, நீ பாவஞ் செய்திராவிடின் உனக்கு இது வந்திராது என்று வழக்கிடலாயினர். முடிவிலே இறைவன் கோபங் கொண்டதாக அந்நூல் கூறுவது அந்நண்பர்மீதே. பிறசமயத்தார் நூலாயினும், இவ்வுண்மை நமக்கும் உரியதே.

நமது நூல்களை நோக்குவோம். பாற்கடலிலே நஞ்செழுந்தபோது, இது யார் வினையால் எழுந்தது என்று பெருமான் வினாவினாரல்லர், வாங்கி உண்டார். மதுரையிலே வைகை பெருகிக் கரையுடைந்து, வீட்டுக்கு ஒருவர் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டபோது, பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னுங் கிழவிக்கு ஆளில்லை. ஆளில்லாமை நின் வினை என்று அவளுக்கு ஒருவரும் உபதேசிக்கவில்லை. சோமசுந்தரக் கடவுள் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, தலையிலே மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார். அவ்வடி எல்லாவுயிர்களின் முதுகிலும் பட்டது எனத் திருவிளையாடல் கூறும். மண் சரிந்து மக்களை மூடும் நாட்டிலே வாழும் நாம் இச்சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குக் கதையாக மட்டுஞ் சொல்லிவிடலாகாது. ஆளில்லாதவர்க்கு ஆளாய் நிற்றல் சிவத்தொண்டு என்பதும், ஒருவர் மேற்பட்ட அடி அனைவர்க்கும் நோதல் வேண்டும் என்பதும் அதன் பொருள். திருச்சிராப்பள்ளியிலே வெள்ளத்தினாலே தாய் வரமாட்டாதிருந்த மகளுக்குப் பெருமானே தாயாகி வந்து நின்றார். தாய் கடல் கடந்து சென்ற பிள்ளைகள் நிறைந்த தோட்டப்புறத்திலே, தாயுமானவர் என்னுந் திருநாமத்தின் பொருளை ஆசிரியர் நடந்துகாட்டல் வேண்டும்.

இன்னும் நேரான சான்று பெரியபுராணத்திலே உண்டு. திலகவதியார் தந்தையாராகிய புகழனாரை இழந்தார். தாயார் மாதினியாரை இழந்தார். தமக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்திலே இறந்த செய்தியுங் கேட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இழப்பு. உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது தம்பியாராகிய மருணீக்கியார் செய்தது யாது? வினைக்கொள்கையை விரித்துரைத்தாரல்லர், உயிர்விடுதல் பாவமென்று அச்சுறுத்தினாருமல்லர். தமக்கையார் திருவடியிலே விழுந்து, பெற்றோர் சென்றபின்னும் உம்மைக் கண்டே யான் உயிர்தாங்கினேன், நீர் செல்வீராயின் யான் முன்னே செல்வேன் என்னுங் கருத்துப்பட அழுதார். நீர் எனக்கு வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். அதனைக் கேட்ட திலகவதியார் தம்பிக்காக உயிர்தாங்கினார். அவர் அன்று இருந்தமையினாலன்றோ பின்னர் மருணீக்கியார் நமக்குத் திருநாவுக்கரசராகக் கிடைத்தார்! ஓருயிரை ஒரு நாழிகை காத்தமையால் உலகம் பெற்றது யாது என்பதை நினைக்குந்தோறும் உள்ளம் உருகும்.

அந்த ஒரு நாழிகை எத்துணை அரியது என்பதை இக்காலத்து அறிஞரும் எண்ணிக்கையினாலே காட்டியிருக்கின்றனர். இலங்கையிலே தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர் தொகை 1995 ஆம் ஆண்டளவிலே 1,00,000 பேருக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, உலகிலே மிகக் கூடியவற்றுள் ஒன்றாயிற்று. அதன்பின் கொடிய பயிர்நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட, இருபது ஆண்டுகளிலே அத்தொகை ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. இதனால் விளங்குவது யாது? அவ்வெண்ணம் பலரிடத்திலே புயல்போல வந்து புயல்போலவே போவது. அது போகும் வரையும் நஞ்சு எட்டாதும் ஒருவர் அருகே நீங்காதும் இருப்பின், உயிர் தப்பும். உயிர்மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகக் கொண்ட சட்டத்தையும் 1998 ஆம் ஆண்டிலே இந்நாடு நீக்கிவிட்டது. அரசு கைவிட்ட தண்டத்தை நாம் நாவினாலே கொடுத்தல் முறையன்று.

துன்பத்தை அழுது தீர்த்தல் கோழைத்தனம் என்று கருதுவாரும் உளர். சைவத்திலே அக்கருத்துக்கு இடமில்லை. நமது திருமுறைகளிலே அழுகை உண்டு, முறையீடு உண்டு, கண்ணொளியிழந்த சுந்தரமூர்த்தி நாயனார் பெருமானோடு வழக்காடியதும் உண்டு. மலையகத்து மக்களும் அழுகையின் பயனை நன்கறிந்தவர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தினாலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென முடிவாகிக் குடும்பங்கள் இரண்டாகப் பிளந்தபோது, அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னவர் உண்டு. தோட்டங்களிலே நடைபெறுங் காமன் கூத்திலே, எரிந்த காமனுக்காக இரதி புலம்புவதை லயன் முழுவதும் விழித்திருந்து கேட்கும். ஒருத்தியின் துயரை ஊரார் அனைவரும் ஓரிரவு சுமக்கும் முறை அது. ஒப்பாரியை நாகரிகமின்மை என்று இகழும் படித்தவர், அதன் இடத்திலே வேறொன்றையும் வைத்தாரல்லர். அழுவாரோடு அமர்ந்திருத்தலை நாம் புதிதாகக் கற்கவேண்டுவதில்லை, மறவாதிருந்தாற் போதும்.

இனி, ஆசிரியர் செய்யத்தக்கன சிலவற்றைச் சுருக்கிக் கூறுவோம்.

துயருற்ற பிள்ளை எப்பொழுதும் அழுதுகொண்டிராது. வாய்பேசாதிருத்தல், காரணமின்றிச் சினத்தல், பாடத்திலே பின்னிடுதல், வயிற்றுவலி என்று மூலையிலே இருத்தல், வகுப்பிலே துயிலுதல் ஆகியனவும் துயரின் குறிகளே. இவற்றைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் எண்ணிப் பிரம்பெடுத்தல் புண்ணிலே கோலிடுவதாகும். பிரம்பை விடுத்து வினாவுதல் வேண்டும். வினாவியபின் காத்திருத்தல் வேண்டும். நடந்ததைச் சொல் சொல் என்று வற்புறுத்தலும் ஆகாது. பேரிடருற்றாரை முதன்முதல் அணுகுவோர்க்கு உலக சுகாதார நிறுவனம் 2011 ஆம் ஆண்டிலே வெளியிட்ட வழிகாட்டி, நோக்குதல், கேட்டல், உரியவரோடு சேர்ப்பித்தல் என்னும் மூன்றையே கூறுகின்றது. இவை மூன்றும் ஓர் ஆசிரியராற் செய்யலாகாதன அல்ல.

நாளொழுங்கு மருந்து போன்றது. மணியடித்தல், தேவாரம் ஓதுதல், பெயர் கூப்பிடுதல், விளையாட்டு என்பன வழக்கம்போல நடக்குமாயின், உலகம் முழுவதுஞ் சரிந்துவிடவில்லை என்று பிள்ளையின் மனம் மெல்ல நம்பத்தொடங்கும். மீரியபெத்தையிலே தப்பியவர்கள் புதிய வீடு பெறுவதற்கு ஏறத்தாழ ஈராண்டு சென்றது. அங்ஙனம் வீடில்லாதிருக்குங் காலத்திலே பாடசாலையே வீடாதல் வேண்டும்.

ஒருவர் வாழ்விலே வெறுப்புற்றுப் பேசுவாராயின், உயிரைவிட எண்ணுகின்றீரோ என்று அன்போடு நேரே கேட்டுவிடலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைக்கும் என்று அஞ்சவேண்டுவதில்லை. மறைத்து வைத்ததைச் சொல்லிய மாத்திரத்தே சுமை குறைவதே பெரும்பான்மை. அவரைத் தனியே விடலாகாது. தீங்கு செய்யத்தக்க பொருள்களை அகற்றல் வேண்டும். வைத்தியரிடம் உடன்செல்லல் வேண்டும். பதுளைப் பெரிய வைத்தியசாலையிலே மனநோய்க்குரிய பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவகத்தை 1926 என்னுந் தொலைபேசி இலக்கத்திலே அழைக்கலாம். 1974 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட சுமித்ரயோ என்னுஞ் சங்கத்தாரும் துயருற்றார் சொல்வதைப் பொறுமையோடு கேட்கின்றனர்.

மனநோய்க்கு மருந்து தேடுதல் இறைவனிடத்து நம்பிக்கைக் குறைவாகாதோ எனின், ஆகாது. புள்ளிருக்குவேளூரிலே எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு வைத்தியநாதர் என்பதே திருநாமம். காய்ச்சலுக்கு மருந்துண்டு திருநீறும் இடுகின்றோம். மனம் நொந்தபோதும் அவ்வாறே இரண்டுஞ் செய்யலாம். கோயிலுக்குச் செல்லாதே என்று வைத்தியரும், வைத்தியரிடஞ் செல்லாதே என்று பூசகரும் சொல்லாதிருத்தல் நன்று.

நாவலரவர்கள் வினைக்கொள்கையைத் தம் வசனத்தினாலே தெளிவாகக் கற்பித்தவர். ஆயினும் 1877 ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்தபோது, பசித்தோர்க்கு அவர் வினையுரைத்தாரல்லர், கஞ்சித்தொட்டி வைத்தார். கொள்கையிலே உறுதியுடையவர் கையிலே அகப்பையோடு நின்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

இறுதியாக ஒன்று. துயருற்றவர் காலஞ் சென்றபின் தாமே அமைதியுற்று, இஃது என் வினை, சிவன் செயல், பொறுத்துக்கொண்டேன் என்று சொல்வாராயின், அதனை மறுக்கவேண்டுவதில்லை. வணங்கிக் கேட்கவே தகும். அவர் வாயிலே அச்சொல் தவம். அவர் சொல்லுமுன்னே நம் வாயினின்று வருமாயின் அது தீர்ப்பு. சொல் ஒன்றேயாயினும் சொல்லும் வாயினாலே பொருள் வேறாகின்றது.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களே, என் அம்மா யாது பாவஞ் செய்தாள் என்று கேட்கும் பிள்ளைக்கு, உன் அம்மா ஒரு பாவமுஞ் செய்ததாக யான் அறியேன். உன்னை அன்போடு வளர்த்தாள் என்பதை அறிவேன். நீயுங் குற்றஞ் செய்யவில்லை. வா, என் பக்கத்திலே இரு என்று விடைகூறுவீர்களாக. சித்தாந்தத்துக்கு இதனால் யாதொரு குறைவும் வாராது. வினையை அறிபவர் சிவபெருமான். அருகே இருத்தலே நமக்கு விதித்த பணி. அப்பணியைக் குறைவறச் செய்ய அவர் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.